ரிக்கெற்றை யோர்க்கில உடைச்சு எடு

அன்புள்ள மகளுக்கு,

போனில கதைச்சால் ரெண்டு நிமிசத்தில முடிச்சுப்போடுவம், அதுதான் எழுதுறன். கொம்மா சுகம். முழங்கால் நோ மட்டும் மாறேல்லை.

நத்தாருக்கும் வரேல்லை, பொங்கலுக்கும் வரேல்லை. ரெயின் ரிக்கெற் விலை எண்டு சொன்னாய். உண்மைதான் பிள்ளை, நான் மறுக்கேல்லை. லண்டனுக்கும் நீ இருக்கிற நியூகாசிலுக்கும் இடையில இருந்த சூப்பர் ஓஃப்-பீக், அதுதான் சனம் குறைஞ்ச நேரத்து மலிவு ரிக்கெற்றை 2024 பெப்ரவரியோட நிப்பாட்டிப்போட்டாங்கள். முந்தியெண்டால் சனிக்கிழமை நினைச்ச நேரம் வெளிக்கிடலாம். இப்ப குறிச்ச ரெயின், இல்லாட்டி அதுக்கு 70 நிமிசம் முன்பின், அதுவும் சரிவராட்டி முழுக்காசு. தாய்தேப்பனைப் பாக்க வாறதுக்கு மூண்டு மாதத்துக்கு முன்னமே நாள் குறிக்கச் சொன்னால் ஆராலை ஏலும்? 2025இல ரிக்கெற் விலையை 4.6 வீதம் கூட்டினாங்கள். 2026 மார்ச்சில ஓஃப்-பீக் ரிட்டேண் விலையைக் கூட்டேல்லை, 30 வருசத்தில அதுதான் முதல் தடவையாம். அந்த ரிக்கெற்றையே நிப்பாட்டிப்போட்ட பாதைக்கு அதால என்ன பிரியோசனம்?

ஆனாலும் வழி இருக்கு. 26-30 ரெயில்கார்ட் எடு, அந்த வயசுக்காரருக்குக் குடுக்கிற சலுகை அட்டை. 35 பவுண்ஸ்தான், ரிக்கெற் விலையில மூண்டில ஒரு பங்கு குறையும். 31 வயசானால் எடுக்கேலாது. ரிக்கெற்றை வழியில வாற யோர்க்கில உடைச்சு எடு, நியூகாசிலிலயிருந்து யோர்க், யோர்க்கிலயிருந்து லண்டன் எண்டு ரெண்டாய். சில நாளில குறைய வரும். ரெயின் யோர்க்கில நிண்டால் காணும், நீ இறங்கத் தேவையில்லை. ரெயில்கார்ட்டை மறந்துபோகாதை.

அப்பாவுக்கு உதெல்லாம் எப்பிடித் தெரியுமெண்டு யோசிப்பாய்.

நவம்பரில நான் வந்தனான். கொம்மாவுக்கும் சொல்லேல்லை, உனக்கும் சொல்லேல்லை. ரெண்டு மணிக்கு நியூகாசிலில இறங்கவேணும். சீற் பதிவு செய்துதான் எடுத்தனான், ஆனால் லண்டன் கிங்ஸ் குரொஸ் ஸ்டேஷனில வேற ரெயினை மாத்திவிட்டு, பதிவெல்லாம் இல்லையெண்டுபோட்டாங்கள். கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில நிண்டுகொண்டு வந்தன். வழியில நியூவார்க் தாண்ட, மேல போற கரண்ட் வயர் அறுந்து ரெயின் நிண்டுட்டுது. ஹீட்டரும் நிண்டுபோச்சு. ஒரு வயசுபோன வெள்ளைக்கார மனுசி தன்ர சூட்கேசில குந்தியிருந்து, என்னையும் ஒரு ஓரத்தில இருக்கச் சொன்னா. நான் பருத்தித்துறை வடை ரின்னைத் திறந்து அவவுக்கு ரெண்டு குடுத்தன். "ஆருக்குக் கொண்டு போறீர்?" எண்டு கேட்டா. மகளுக்கு எண்டன். மகள் கடலைப் பற்றிப் படிச்ச ஆள், நண்டு, இறால் எல்லாத்தையும் எண்ணிக் கணக்கெடுக்கிற வேலை எண்டு அவவுக்கு விளங்கப்படுத்தினன். உன்ர பேர் போட்ட அறிக்கையை மடிச்சுப் பொக்கற்றில வைச்சிருந்தன், அதையும் எடுத்துக் காட்டினன். உனக்கு ஒருநாளும் இதைச் சொன்னதில்லை.

நாலரை தாண்டித்தான் வந்து இறங்கினன், நல்லாய் இருட்டிப்போச்சு. போனைக் கையில எடுத்தன். "இப்பதானோ வழி தெரிஞ்சது?" எண்டு நீ கேட்டால் என்ன சொல்லுவன்? அண்டைக்கே அடுத்த ரெயினில திரும்பிட்டன். அந்த நேரத்தில ரிக்கெற் எடுத்ததால, வரேக்க குடுத்த காசைவிட ரெண்டு மடங்குக்கு மேல.

2018இல உன்ர பட்டமளிப்புக்குக் கூப்பிட்டாய். மூண்டு பேருக்கு ரிக்கெற் 300 பவுண்ஸ், படம் அனுப்பு எண்டன். அந்தக் கிழமைதான் காருக்கு முற்பணம் கட்டினனான். காசு இருந்தது பிள்ளை. நீ மெடிசினை விட்டதை ஊர்ச்சனம் கேட்டால் என்ன சொல்லுறதெண்டு எனக்கு வெக்கம். ரிக்கெற் வெறும் சாட்டு. அண்டைக்கு நான் சொன்னதைத்தான் இப்ப நீ எனக்குச் சொல்லுறாயோ எண்டு ஒவ்வொரு முறையும் நினைக்கிறன். கேக்கத் துணிவில்லை.

ரெயின் ஒரு மணித்தியாலத்துக்கு மேல பிந்தினால் முழுக்காசும் திருப்பித் தருவினம், 28 நாளுக்குள்ள கேக்கவேணும். நான் கேட்டு எடுத்திட்டன். 58 பவுண்ஸ். நேற்று உன்ர பாங்கில போட்டிருக்கிறன்.

வாறதெண்டால் யோர்க்கில உடைச்சு எடு. வரேலாட்டி ஒரு சொல் அனுப்பு, நான் வாறன். இந்தமுறை ஸ்டேஷனிலயிருந்து போன் எடுப்பன்.

அப்பா