சிலம்ப வகுப்புக்குப் பிள்ளைகள் தொடர்ந்து வர

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஜூன் மாதம் சிலம்பத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் 42 பேர். நேற்று மாலை மைதானத்தில் எண்ணிப் பார்த்தேன், 19 பேர்தான் நின்றார்கள்.

கால் வலி, டியூஷன், போரடிக்குது என்று பிள்ளைகள் காரணம் சொல்கிறார்கள். கடைசியாகச் சொன்னதுதான் உண்மையென்று எனக்குப் படுகிறது. யூடியூபில் தீப்பந்தமும் சுருள்வாளும் பார்த்துவிட்டு ஆசையாக வந்த பிள்ளைக்கு, மூன்று மாதமாகக் காலடியே வைத்தால் சலிக்கத்தான் செய்யும். ஆனால் காலடி பிடிபடாமல் கம்பைச் சுழற்றினால் அடி தன் முழங்காலில்தான் விழும். ஆசான் அவசரப்படாததற்குக் காரணம் அதுதான்.

போன வாரம் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்குக் கம்பு நழுவி விரல் மொளியில் பட்டுவிட்டது. கம்பைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, "இனிமே வரமாட்டேன்" என்று அழுதாள். அவள் அம்மா திட்டவுமில்லை, சரியென்று சொல்லவுமில்லை. "சனிக்கிழமை போயிட்டு வந்து சொல்லு" என்றார். சனிக்கிழமை அவரும் வந்து வேப்பமரத்தடியில் பத்து நிமிடம் உட்கார்ந்தார். வீங்கிய விரலோடு அந்தப் பிள்ளை, வணக்கம் செலுத்தும் சலாம் வரிசையை முழுதும் செய்து முடித்தாள். நேற்றும் வந்தாள்.

அடிபட்ட அன்றைக்கே நிறுத்தும் முடிவை எடுக்க விடாதீர்கள். அரையாண்டுத் தேர்வு வரைக்கும் வருவது என்று இப்போதே பிள்ளையோடு பேசி வையுங்கள். அதற்குப் பிறகும் வேண்டாமென்றால் நானே மனநிறைவோடு விடுவிக்கிறேன். மார்க் குறைந்தால் "சிலம்பத்தை நிறுத்திடுவேன்" என்று மட்டும் மிரட்டாதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன்.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டிலும் அது உண்டு. அப்பாக்கள் பலர் இதை என்னிடம் சொல்லிப் பூரிக்கிறார்கள், எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் பதினொரு வயதுப் பிள்ளையிடம் தினமும் இதையே சொன்னால் கம்பு கனத்துவிடும். "இன்னைக்கு என்ன காலடி? செஞ்சு காட்டு" என்று கேட்டுப் பாருங்கள்.

கம்பு பிள்ளையின் நெற்றி உயரம் இருந்தால் போதும். அண்ணனின் கம்பைச் சுழற்றித் தோள் வலியோடு நின்றுபோனவர்களும் இருக்கிறார்கள். சின்னக் கம்புகள் பள்ளியிலேயே உள்ளன, தயங்காமல் கேளுங்கள்.

செவ்வாய், வியாழன், சனி மாலை 4.30 மணிக்கு வகுப்பு. வேப்பமரத்தடியில் உங்களுக்காகப் பெஞ்சு போட்டிருக்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்