செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் வலி நிவாரண ஆதரவு சிகிச்சைத் தொண்டர் சங்கத்தின் செயற்குழு மாதந்தோறும் கூடியது. அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை, உலக வலி நிவாரண ஆதரவு சிகிச்சை நாளில், பேருந்து நிலையத்தில் துண்டறிக்கை கொடுத்தோம். பயிற்சி முகாம் ஒருமுறை நடந்தது.

இரவுத் துணைத் திட்டத்தை, அதாவது தீராத நோயாளியின் வீட்டில் நம் தொண்டர்கள் ராத்திரி துணையிருப்பதை, கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியே கைவிரித்த வீட்டில் நாம் போய் என்ன செய்யப் போகிறோம் என்று போன பொதுக்குழுவில் கேட்டார்கள். அரசின் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் செவிலியர் வீட்டுக்கே வருகிறார், சரி; அவர் பகலில் வருபவர். ராத்திரிக்கு யார்? நாம் ஊசி போடுவதில்லை. டாக்டர் எழுதிய வலி மருந்தான மார்ஃபின் வேளை தவறாமல் போகிறதா, கூடவே அதனால் வரும் மலச்சிக்கலுக்கான மருந்தும் தருகிறார்களா என்று பார்க்கிறோம். படுத்திருப்பவரைப் புரட்டிப் படுக்கவைக்கிறோம். கண்விழித்துக் களைத்த மகளை, "போய்ப் படும்மா, நான் இருக்கேன்" என்று அனுப்புகிறோம்.

ஒரு வீட்டில், நினைவு தப்பிய பெரியவருக்குப் பால் ஊற்றச் சொந்தங்கள் டம்ளரோடு நின்றார்கள். விழுங்க முடியாதவருக்கு ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஆனால் அந்தக் கடமையை வேண்டாம் என்று சொல்ல நாம் யார்? துணியைப் பாலில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, உதட்டில் ஒற்றச் சொன்னேன். பேரப்பிள்ளைகள் வரை எல்லாரும் ஒற்றினார்கள். அப்புறம் தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்டதும் பயந்து ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனார்கள். எச்சில் தேங்குவதால் வருவது அது என்று சொல்லி, ஒருக்களித்துப் படுக்கவைத்தோம், குறைந்தது. விடியற்காலையில் வீட்டிலேயே போய்ச் சேர்ந்தார்.

இதற்குத்தான் ஆள் வேண்டும். பயிற்சி முகாமில் சான்றிதழ் வாங்கியவர்களில் பலர் அதன்பிறகு ஒரு வீட்டுப் படியும் ஏறவில்லை. "சாவு வீட்டுக்கு அடிக்கடி போகாதேன்னு வீட்டில் சொல்றாங்க" என்று ஒருவர் நேராகச் சொன்னார். அவர்மேல் வருத்தமில்லை; போனையே எடுக்காதவர்கள்மேல் உண்டு. பட்டியலில் பெயர் இருந்தும் ஆள் வராத இரவில், ஒரு குடும்பம் வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறது. சந்தா நிலைமையும் இதேதான். மூன்று நினைவூட்டல் அனுப்பியும் பதிலில்லை. கோழிக்கோட்டில் 1993-ல் சிறிய அளவில் தொடங்கிய வலி நிவாரணப் பணி, அந்தந்த ஊர் மக்களே கையில் எடுத்ததால்தான் கேரளம் முழுக்கப் பரவியது. 2008-ல் அரசுக் கொள்கையும் வந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் மனமில்லையா?

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நன்கொடையால் சமாளித்தோம்; காற்றுப்படுக்கை வாங்கியதுதான் பெரிய செலவு. கையிருப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

கூட்டத்துக்கு இடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், மருத்துவர்களுக்கும், செவிலியர்களுக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் செயலாளராக இருக்கச் சொன்னால் இருக்கிறேன். ஆனால் இரவுத் துணை இப்போது வரும் சிலரை மட்டும் நம்பி ஓடாது. முறைப்பட்டியல் நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது. வியாழன், ஞாயிறு இரவுகளில் இன்னும் யார் பெயரும் இல்லை. சந்தா ரசீதுப் புத்தகமும் அங்கேயேதான் இருக்கிறது.

செயலாளர்