அம்மாவின் செருப்பைக் கொண்டுவந்து தந்தவருக்கும், உடன் நின்ற எல்லோருக்கும்

அன்புடையீர்,

வணக்கம். அப்பா வீடு வந்து சேர்ந்து இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. நேற்று மாலை யாருடைய தோளையும் பிடித்துக்கொள்ளாமல் கூடத்திலிருந்து வாசல் வரை நடந்து போய்த் திண்ணையில் உட்கார்ந்தார். சற்று நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பான் ராங் குன்றின்மேல் காற்று இதைவிட நன்றாக அடித்தது என்றார். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் இம்மடலை எழுதும் தெம்பு எனக்கு வந்தது. வியட்நாம் பயணத்தில், அந்தக் குன்றின்மேல் அப்பாவுக்கு நேர்ந்தது என்னவென்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த ஆறு நாளும் எங்களோடு தூங்காமல் இருந்தவர்கள் நீங்கள். ஆகவே அதை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. அந்தக் குன்றின் படிகளை நினைத்தால் எனக்கு இன்னும் கை நடுங்குகிறது.

மொழி தெரியாத எங்களிடம் ஒவ்வொரு முறையும் படம் வரைந்து காட்டிப் பேசிய மருத்துவருக்கும், இரவுப் பணியில் இருந்த செவிலியர்களுக்கும், அன்று எங்களை ஏற்றிச் சென்றதோடு நில்லாமல் மறுநாளும் வண்டியோடு வந்து காத்திருந்த ஓட்டுநருக்கும், தங்கள் பயணத்தைப் பாதியில் விட்டு எங்களோடு தங்கிவிட்ட உடன்வந்த இரு குடும்பங்களுக்கும், கேட்ட ஒரு மணி நேரத்தில் பணம் அனுப்பிய உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், சைகோனிலிருந்து இரவுப் பேருந்தில் ரசமும் இட்லியும் கட்டி அனுப்பிய தமிழ்க் குடும்பத்துக்கும், அந்நகரத்து மாரியம்மன் கோயிலில் அப்பா பெயரில் அர்ச்சனை செய்த முகம் தெரியாத நல்லவர்களுக்கும், இங்கே எங்கள் வீட்டுப் பசுவுக்கும் பயிருக்கும் தண்ணீர் காட்டிய அண்டை வீட்டாருக்கும் எங்கள் மூவருடைய நன்றி. உங்களில் எவருடைய உதவி குறைந்திருந்தாலும் அப்பா இன்று திண்ணையில் உட்கார்ந்திருக்க மாட்டார்.

இம்மடலின் பெரும்பகுதியை நான் வேறொருவருக்காக எழுத வேண்டியிருக்கிறது. அவருக்குத் தமிழ் தெரியாது, இதை அவர் படிக்கப் போவதுமில்லை. அவர் செய்தது மிகச் சிறிய காரியம். ஆனாலும் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அப்பா இந்தப் பயணத்துக்காக எத்தனை ஆண்டு காத்திருந்தார் என்பதை அவரிடம் படித்தவர்கள் அறிவார்கள். டா நாங்கில் 1919-இல் திறக்கப்பட்ட, முற்காலத்தில் நடு வியட்நாமை ஆண்ட சாம் மக்களின் சிற்ப அருங்காட்சியகத்திலேயே ஒரு முழு நாளைக் கழித்தார். அங்குள்ள பழைய கல்வெட்டு எழுத்துகளின் வளைவுகளில் நம் பல்லவ கிரந்தத்தின் சாயலைக் கண்டு, எங்களை ஒவ்வொரு கல்லின் முன்னாலும் நிறுத்தி விரலால் காற்றில் எழுதிக் காட்டினார். மி சோன் பள்ளத்தாக்கில் நான்காம் நூற்றாண்டின் இறுதியில் சாம் அரசன் பத்திரவர்மன் பத்ரேசுவரர் என்ற பெயரில் சிவனுக்கு எடுத்த கோயில் எரிந்துபோனதையும், ஏழாம் நூற்றாண்டில் சம்புவர்மன் அதை மீண்டும் எடுத்துத் தன் பெயரையும் சேர்த்துச் சம்புபத்ரேசுவரர் என்று வழங்கியதையும் வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். 1969-இல் அமெரிக்க விமானங்களின் குண்டுவீச்சில் நொறுங்கிய பெருங்கோயில் இருந்த இடத்துக்கு வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. அங்கே செங்கல் அடுக்குகளுக்கு நடுவே புல் முளைத்திருந்தது. இந்தியத் தொல்லியல் துறையினர் அந்தக் கோயில் தொகுதியைச் சீரமைத்தபோது, 2020-இல், ஒரே கல்லில் செதுக்கிய லிங்கம் ஒன்றை மண்ணிலிருந்து எடுத்தார்கள் என்று அவர் பிறகு சொன்னபோது, அம்மா ஒன்றும் பேசாமல் பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து எங்கள் இருவர் நெற்றியிலும் இட்டார்.

புறப்படும்போது நான் எழுதிய பயணத் திட்டத்தின் தலைப்பு ‘சாம் கோயில் சிதிலங்கள்’ என்பது. உங்களில் பலருக்கும் அதை அனுப்பியிருந்தேன். மி சோனுக்கு அந்தச் சொல் ஓரளவு பொருந்தலாம். பான் ராங்குக்குப் பொருந்தாது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

வியட்நாமிலேயே மழை மிகக் குறைந்த வட்டாரம் அது. கள்ளிச் செடிகளும் திராட்சைத் தோட்டங்களும் செம்மறி மந்தைகளும் தெரியும் அந்த வறண்ட நிலத்தில், ஒரு குன்றின்மேல் போ கிளாங் கராய் கோயில் நிற்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மூன்றாம் ஜய சிம்மவர்மன் கட்டியது என்பார்கள். வாயிலுக்கு மேலே ஆறு கையோடு சிவன் ஆடுகிறார், உள்ளே நந்தி படுத்திருக்கிறது, கருவறையில் முகலிங்கம். அந்த முகம் போ கிளாங் கராய் அரசனுடையது. வறண்ட அந்த நாட்டுக்கு அணை கட்டித் தண்ணீர் கொண்டுவந்தவன் என்று சாம் மக்கள் இன்றும் அவனைத் தெய்வமாக வணங்குகிறார்கள். ஆண்டுதோறும் சாம் நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் வரும் காதே திருவிழாவுக்கு, மலைவாழ் ரக்லாய் மக்கள் இறைவனின் ஆடைகளைச் சுமந்துகொண்டு இறங்கி வர, பூசாரிகள் கோயில் கதவைத் திறந்து லிங்கத்தை நீராட்டி உடுத்துகிறார்கள். எழுநூறு ஆண்டுப் பழமையான செங்கல்லைப் பார்க்கப் போன நாங்கள், பூசை நின்றுபோகாத ஒரு கோயிலின் படியில் ஏறிக்கொண்டிருந்தோம்.

குன்றின் அடிவாரத்தில் உள்ள கூடத்தில் சாம் பெண்கள் தறி நெய்து காட்டுகிறார்கள். அன்று காலை அங்கே நெய்துகொண்டிருந்த, அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையாரின் பக்கத்தில் அப்பா அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்லும் கிடையாது. அவர் ஊடு நூலை இழுக்கும்போதெல்லாம் அப்பா தலையை ஆட்டுவார், அவரும் சிரிப்பார். அதற்குப் பிறகுதான் மேலே ஏறினோம். கருவறைக்குள் போவதற்காக அம்மா தம் செருப்பை வாசலில் கழற்றிவிட்டார். அடுத்து நடந்ததில் செருப்பின் நினைவு யாருக்கு வரும்? அம்மா வெறுங்காலோடு குன்றிலிருந்து இறங்கி, வெறுங்காலோடு ஆம்புலன்சில் ஏறி, இரண்டு நாள் அந்த மருத்துவமனையின் குளிர்ந்த தரையில் வெறுங்காலோடு நின்றார். புதிதாக ஒரு சோடி வாங்கி வருகிறேன் என்று நான் எத்தனை முறை சொல்லியும், அப்பா கண் திறக்கட்டும் என்பதற்கு மேல் அவர் பேசவில்லை.

மூன்றாம் நாள் காலை அந்தத் தறிக்காரம்மா வந்தார். தலையில் துண்டைக் கட்டியிருந்தார். கையில் செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது. தாழ்வாரத்தில் எங்களை அடையாளம் கண்டதும் நேராக வந்து, அம்மாவின் எதிரே குந்தி உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே அம்மாவின் செருப்பு இருந்தது. குன்றின் செம்மண் துளியும் இல்லாமல் கழுவிக் காய வைத்திருந்தார். வலது செருப்பின் வார் நா திராங்கிலேயே அறுந்து, அம்மா அதில் ஓர் ஊக்கைக் குத்தி ஒப்பேற்றிக்கொண்டு நடந்தவர். அந்த இடத்தில் இப்போது சிவப்பு நூலால் நெருக்கமாகத் தையல் போட்டிருந்தது. அதே நூலைத்தான் அன்று காலை தறியில் பார்த்திருந்தோம். தைப்பதற்காகக் கழற்றிய ஊக்கையும் அவர் எறிந்துவிடவில்லை. செய்தித்தாளின் ஓரத்தில் குத்தி வைத்திருந்து, அதைத் தனியாக எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். பிறகு செருப்பு இரண்டையும் அம்மாவின் பாதத்துக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டு எழுந்தார்.

நம் ஊரில் பிறர் செருப்பைக் கையால் தொட எவ்வளவு யோசிப்போம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மா பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் இருவரும் அப்படியே நின்றார்கள். பக்கத்தில் இருந்த இளம் செவிலி ஒருவர் கைப்பேசியில் மொழிபெயர்த்துச் சொன்னார்: அவர் எப்படி இருக்கிறார் என்று இவர் கேட்கிறார். கண் திறந்துவிட்டார் என்றேன். அம்மையார் தலையை அசைத்தார், அப்பா தறியருகே அசைத்தது போலவே. உள்ளே விட அனுமதி இல்லாததால் கதவுக்கு வெளியே சற்று நின்றுவிட்டுப் புறப்பட்டுவிட்டார். பணம் கொடுக்க நான் பையைத் திறந்ததும் அவர் முகத்தில் தெரிந்த வருத்தத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தறிக்காரம்மா, நான் அப்படிச் செய்திருக்கக் கூடாது, மன்னித்துவிடுங்கள். அவர் முந்தின மாலையும் வந்து, பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டதால் திரும்பிப் போனவர் என்பதைக் காவலாளி பிற்பாடுதான் சொன்னார்.

அவர் போன பிறகு அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு, அந்தக் கதவடியை விட்டு முதன்முறையாக எழுந்து, முற்றத்துக் குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். பெரிய உதவிகளை உங்களில் பலரும் செய்தீர்கள். அவற்றுக்கு எங்கள் குடும்பம் தலைமுறைக்கும் கடன்பட்டிருக்கிறது. ஆனால் என் அம்மாவை அந்தக் கதவடியிலிருந்து எழுப்பியது அந்தச் சிவப்புத் தையல்தான்.

ஏன் செய்தார் என்று இத்தனை நாளும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எங்களுக்கு அந்தக் குன்று பார்க்கப் போன இடம். அவருக்கு அது அவர் தெய்வம் குடியிருக்கும் வீடு. வீட்டுக்கு வந்தவர்கள் ஏதோ ஆபத்தில் அலறிக்கொண்டு வெளியேறிப் போனார்கள், அவர்களுடைய செருப்பு வாசலிலேயே கிடந்தது. வீட்டுக்காரர் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். இதற்கு மேல் அவர் வேறு காரணம் வைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ‘சிதிலம்’ என்று நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்தத் திட்டத்தை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள்.

மருத்துவர்கள் சம்மதித்தால் வருகிற காதே திருவிழாவுக்குப் போக வேண்டும் என்று அப்பா இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டார். அதற்குள் நன்றி சொல்லும் அளவுக்காவது சாம் மொழியைக் கற்றுக்கொள்வதென்று நான் உறுதி எடுத்திருக்கிறேன். கைப்பேசியை நீட்டி அவருக்கு நன்றி சொல்ல எனக்கு விருப்பமில்லை. அம்மா அந்தச் செருப்பைப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை; அதைப் போட்டுக்கொண்டுதான் இன்று காலையும் சந்தைக்குப் போய்வந்தார். ஊக்கு மட்டும் அவர் தாலிக்கயிற்றில் இருக்கிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். எங்களுக்கு முன்னால் உங்களில் யாராவது பான் ராங் பக்கம் போக நேர்ந்தால், குன்றேறுவதற்கு முன் அடிவாரக் கூடத்தில் சற்று நில்லுங்கள். சிவப்பு நூலில் நெய்துகொண்டிருக்கும் அம்மையாரிடம் இம்மடலோடு இணைத்துள்ள, அப்பா திண்ணையில் உட்கார்ந்திருக்கும் படத்தைக் காட்டுங்கள். அவர் நடக்கிறார் என்று எப்படியாவது சொல்லிவிடுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் ஆசிரியரின் குடும்பத்தார்