மீன்பிடித் தடைக்காலத்தில் நாம் செய்யக்கூடியது

அன்பிய (நம் பகுதிக் கத்தோலிக்கக் குடும்பங்களின் குழு) உறவுகளுக்கு, இயேசுவுக்கே புகழ்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. படகு வைத்திருப்பவரைவிட, அதில் வேலைக்குப் போகிறவர் வீட்டில்தான் அடுப்பு முதலில் தடுமாறும். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் எங்கும் இதே கதைதான்.

இந்த முறை நிதி திரட்டல் வேண்டாம். பட்டியல் போட்டு, போட்டோ எடுத்து, வாங்குகிறவரைத் தலைகுனிய வைத்ததெல்லாம் போதும். கண்ணில் படுவதைச் செய்வோம். விண்ணப்பம் எழுதத் தெரியாத அக்காவுக்கு எழுதிக் கொடுங்கள். ராமநாதபுரம் போகிறீர்களா? மாத்திரை ஏதும் வாங்கணுமா என்று பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் கேளுங்கள். மளிகைக்கடை நோட்டில் ஒருவருடைய பாக்கியைச் சத்தமில்லாமல் அடைக்க முடிந்தால் இன்னும் நல்லது. அவர் கோயிலுக்கு வருகிறவரா என்று பார்க்க வேண்டாம்.

லூக்கா நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில் வரும் சமாரியர் ஊழியத்துக்கென்று கிளம்பியவர் இல்லை. போகிற வழியில் அடிபட்டுக் கிடந்த ஒருவரைப் பார்த்து நின்றார், அவர் காயத்தில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்தார், சத்திரக்காரரிடம் இரண்டு தெனாரியம் (அக்கால வெள்ளிக்காசு) கொடுத்துவிட்டு மறுநாள் கிளம்பிவிட்டார். (மீதியைத் திரும்பும்போது தருவதாகச் சொல்லியும் வைத்தார், அது முக்கியம்.)

இரத்தம், ஆம்புலன்ஸ் போன்ற அவசரத்துக்கு மட்டும் இந்தக் குழுவில் எழுதுங்கள். மற்ற உதவிகளில் யார் பெயரையும் குழுவில் போட வேண்டாம்.