தலைமைப் பண்பும் மேடைப் பேச்சும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தலைமைப் பண்பை வளர்ப்பதாகச் சொல்லி நடத்தப்படும் பயிற்சி வகுப்புகள் பலவும், தயங்காமல் பேசுவது, நிமிர்ந்து நிற்பது ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. பேச்சுத் திறமை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், பொறுப்புக்கு வருபவர் முதலில் பழக வேண்டியது, தமக்குப் பிடிக்காத கருத்தை முகம் சுளிக்காமல் கேட்பதுதான்.

1961 ஏப்ரலில், கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் அமெரிக்க ஆதரவுடன் நடந்த படையெடுப்பு சில நாட்களிலேயே முறியடிக்கப்பட்டது. அத்திட்டத்தில் ஐயம் கொண்டிருந்த ஆலோசகர்களில் சிலர், கூட்டங்களில் அதை அழுத்திச் சொல்லாமல் இருந்துவிட்டனர். தோல்விக்கான பொறுப்பை வெளிப்படையாக ஏற்ற அமெரிக்க அதிபர் கென்னடி, ஆலோசனை கேட்கும் முறையையும் மாற்றிக்கொண்டார். 1962 அக்டோபரில், கியூபாவில் சோவியத் ஒன்றியம் ஏவுகணைகளை நிறுவியதால் நெருக்கடி மூண்டபோது, தாம் எதிரில் இருந்தால் மற்றவர்கள் தம் மனப்போக்கை அறிந்து அதற்கேற்பப் பேசக்கூடும் என்பதால், சில கூட்டங்களுக்கு அவர் வேண்டுமென்றே செல்லவில்லை. உடனடி விமானத் தாக்குதலே வழி என்று தொடங்கிய விவாதம், பல நாள் வாதப் பிரதிவாதங்களுக்குப் பிறகு கடல்வழித் தடையில் வந்து நின்றது. உச்சப் பதவியில் அமர்ந்த பிறகும் ஒருவரால் இதைக் கற்றுக்கொள்ள முடிந்திருக்கிறது என்பதால், தலைமை பிறவிக்குணம் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை.

பிரிட்டிஷ் படைத்துறை நீதிமன்றங்களில், பதவியில் இளையவரிலிருந்து கருத்துக் கேட்கத் தொடங்கும் மரபு உண்டு. மேலதிகாரி முதலில் வாய் திறந்துவிட்டால் மற்றவர்கள் தலையாட்டுவதோடு சரி. மாணவர் மன்றமோ அலுவலகக் குழுவோ, இந்த ஒரு வழக்கத்தை நாளைக்கே தொடங்கலாம், செலவும் இல்லை.

பழியை ஏற்கும் பழக்கம் இதைவிடக் கடினமானது. இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூனில் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டி கடற்கரையில் தரையிறங்குவதற்கு முன்பு, அம்முயற்சி தோற்றால் வெளியிடுவதற்காக அவற்றின் தளபதி ஐசனோவர் ஒரு சிறு குறிப்பைத் தம் கைப்பட எழுதி வைத்திருந்தார். வீரர்கள் தம் கடமையைச் செய்தனர், தவறு ஏதும் இருந்தால் அது தம்முடையது மட்டுமே என்பது அதன் சாரம். வெற்றி கிடைத்ததால் அதற்குத் தேவை ஏற்படவில்லை.

எனவே, பயிற்சி நடத்துவோர் இளைஞர்களுக்குச் சொற்பொழிவுத் தலைப்புகளோடு உண்மையான வேலை ஒன்றையும், அதில் முடிவெடுக்கும் உரிமையையும் கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும், உடன் உழைத்தவர்களைக் கொண்டே அந்த இளைஞர்களுடைய குறைகளை நேருக்கு நேர் சொல்ல வைக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்