புல்வெளிப் படத்தில் எத்தனை மாடுகள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூர்ப் பேரங்காடிகளின் பால் அடுக்குகளில் 'புல் மேய்ந்த பசுவின் பால்' என்ற வாசகம் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. பச்சைப் புல்வெளி, நாலு மாடு, பின்னால் ஒரு மலை என்று படம் போட்டிருக்கிறார்கள். விலை கொஞ்சம் கூடுதல்தான். சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று நம்பி நம்மவர்கள் வாங்குகிறார்கள். பிள்ளைகளே பெற்றோரிடம் சொல்லி வாங்க வைப்பதையும் பார்க்கிறேன். அந்த அக்கறையை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பண்ணையில் நிலம் தாங்கும் அளவுக்குத்தான் மாடுகள் நிற்கின்றனவா, அவை உண்மையில் எதைத் தின்கின்றன என்ற தகவல் அந்த அட்டைப்பெட்டியில் இல்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

ஓய்வுபெறும்வரை ஜூரோங்கில் ஓர் உணவுத் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் இருந்தேன். பால்மாவு வாங்குவதுதான் என் வேலை. பெரும்பகுதி நியூசிலாந்து மாவு. மேய்ச்சல் பால்பண்ணையின் கணக்குவழக்கு எனக்குப் பழக்கமானது அப்படித்தான்.

மாடு வளர்ப்பில் பெரிய செலவு தீவனம். அதை மாடே நடந்துபோய் மேய்ந்துகொண்டால் புல்லறுக்க ஆள் வேண்டாம், டிராக்டர் வேண்டாம், தீவனக் கிடங்கும் வேண்டாம். சாணியையும் அதுவே நிலத்தில் போட்டுவிடுகிறது. புல்லோடு குளோவர் என்ற பயறு வகைச் செடியையும் சேர்த்து விதைத்தால், காற்றிலுள்ள நைட்ரஜனை அதன் வேர்கள் மண்ணுக்குக் கொண்டுவரும். உரச் செலவும் குறையும். மின்வேலி போட்டு நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, இன்று இங்கே, நாளை அடுத்த துண்டில் என்று மாற்றி மாற்றி மேய்ப்பார்கள். அமெரிக்காவில் கொட்டகையிலேயே தீனி தின்று வளரும் பசு ஆண்டுக்குச் சுமார் 11,000 லிட்டர் கறக்கிறது. நியூசிலாந்துப் பசு அதில் பாதிகூடக் கறப்பதில்லை. அப்படியிருந்தும், 1984இல் அரசாங்கம் மானியங்களை நிறுத்திய பிறகும், அந்த விவசாயிகள் உலகச் சந்தையில் தாக்குப்பிடித்தார்கள். செலவு அவ்வளவு குறைவு.

புல்லுக்கென்று ஒரு பருவம் உண்டு. அங்கே ஜூலை, ஆகஸ்டில் பெரும்பாலான மாடுகள் ஒரே சமயத்தில் கன்று போடும். வசந்தத்தில் புல் செழித்து வரும்போது பாலும் உச்சத்துக்குப் போகும். அங்கே குளிர்காலமான ஜூனில் மாடுகள் வற்றிவிடும். அக்டோபர், நவம்பரில் வெள்ளமாக வரும் பாலை அந்தச் சின்ன நாடு குடித்துத் தீர்க்க முடியாது, மாவாக்கத்தான் வேண்டும். தென்கிழக்காசியாவுக்கு இத்தனை பால்மாவு வருவதற்கு இது முக்கியமான காரணம். ஆகவே 'மேய்ச்சல் பால்' வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது: விமானத்தில் வரும் குளிர்பாலைவிடக் கப்பலில் வரும் மாவும் வெண்ணெயும்தான் அந்தப் பெயருக்குப் பொருத்தமானவை. ஆண்டு முழுக்கத் தடையில்லாமல் குளிர்பால் கேட்டால், புல் இல்லாத மாதங்களிலும் கறக்க வேண்டும். அதற்கு வேறு தீவனம் கொடுத்தாக வேண்டும்.

பிரச்சினை தொடங்கியது விலை ஏறியபோது. 2013-14 பருவத்தில் நியூசிலாந்துப் பால் விவசாயிகளின் ஃபொன்டெரா கூட்டுறவு, ஒரு கிலோ பால் திடப்பொருளுக்கு, அதாவது பாலிலுள்ள கொழுப்புக்கும் புரதத்துக்கும், 8.40 நியூசிலாந்து டாலர் கொடுத்தது. மறு ஆண்டே அது 4.40 ஆனது, அதற்கடுத்த ஆண்டு 3.90. நல்ல விலை கிடைத்த காலத்தில் கடன் வாங்கி மாடுகளைக் கூட்டி, தீவனம் வாங்கிப் போட்டுப் பாலைப் பெருக்கியவர்கள்தான் அப்போது அதிகம் தள்ளாடினார்கள். புல்லை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கும் அடி விழுந்தது, ஆனால் கட்ட வேண்டிய தீவனக் கணக்கு அவர்களுக்கு அவ்வளவாக இல்லை.

வாங்கிப் போட்ட அந்தத் தீவனத்தில் முக்கியமானது எது தெரியுமா? நம் அண்டை நாடுகளின் செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு. 2000ஆம் ஆண்டுவாக்கில் அங்கே பெரிதாகப் புழங்காத பொருள் அது. பதினைந்து ஆண்டுகளுக்குள் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 லட்சம் டன் என்ற அளவுக்கு மலேசியாவிலிருந்தும் இந்தோனீசியாவிலிருந்தும் கப்பல் ஏறி, உலகிலேயே அதை அதிகம் வாங்கும் நாடாக நியூசிலாந்து ஆகிவிட்டது. 2013 ஜூன் 21 அன்று இந்தோனீசியாவில் காடு எரிந்த புகையால் நம் காற்றுத் தரக் குறியீடு 401ஐத் தொட்டதைச் சிங்கப்பூரர் யாரும் மறந்திருக்க மாட்டோம். புண்ணாக்குக்காக யாரும் காட்டை எரிப்பதில்லை, அது எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் சக்கை. வீணாகப் போவதை மாடு தின்றால் நல்லதுதானே என்று கேட்டால், அதுவும் நியாயமான கேள்விதான். என் ஆதங்கம் வேறு. நிலம் தாங்குவதைவிடக் கூடுதலாக மாடுகளை நிறுத்த அந்தப் புண்ணாக்குதான் வழி செய்து கொடுத்தது. ஃபொன்டெராவே 2015இல் ஒரு மாட்டுக்கு நாளுக்கு 3 கிலோவுக்கு மேல் போட வேண்டாம் என்று சொன்னது. புண்ணாக்கு கூடினால் பாலின் கொழுப்பு மாறும். 2018இல் அதைச் சோதித்து, வரம்பு மீறினால் விலையைக் குறைக்கும் முறையையும் கொண்டுவந்தது.

மாடு கூடினால் சிறுநீரும் கூடும். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம், ஆனால் மேய்ச்சல் பண்ணையின் பெரிய தலைவலி இதுதான். மாடு சிறுநீர் விட்ட திட்டில் மட்டும் இறங்கும் நைட்ரஜனை ஹெக்டேர் கணக்கில் சொன்னால் 500 கிலோவுக்கு மேல் போகும். அவ்வளவையும் அங்குள்ள புல்லால் உறிஞ்ச முடியாது. மிச்சம் நைட்ரேட்டாகி, மழையோடு நிலத்தடி நீருக்குப் போகிறது. கேன்டர்பரி சமவெளியில் ஆடு மேய்ந்த சரளை மண்ணைப் பாசனம் போட்டுப் பால்பண்ணையாக மாற்றினார்கள். அங்கே ஹெக்டேருக்கு மூன்று மாடுகளுக்கும் மேல் நிற்கின்றன, கிணற்று நீரைப் பற்றிய கவலையும் அங்கேதான் அதிகம். செயற்கை நைட்ரஜன் உரத்துக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 190 கிலோ என்ற உச்சவரம்பை அரசாங்கம் 2021இல்தான் விதித்தது. பருவநிலைக் கணக்கில் நியூசிலாந்துப் பால் லிட்டருக்கு லிட்டர் உலகிலேயே மிகக் குறைந்த வெளியேற்றம் உள்ளவற்றில் ஒன்று என்பதை மறுக்கவில்லை. கப்பல் பயணம் அதில் சேர்ப்பதும் கொஞ்சம்தான். ஆனால் ஒரு ஊர்க்காரர் குடிக்கும் தண்ணீரின் கேட்டை இந்த லிட்டர் கணக்கு காட்டாது.

மேய்ச்சல் என்றால் என்ன என்று நான் கண்ணால் பார்த்தது என் மனைவியின் ஊரில், வெள்ளகோவில் பக்கம். அவர் அண்ணனிடம் கொரங்காடு இருக்கிறது. கொங்கு நாட்டின் மானாவாரி மேய்ச்சல் காடு அது. சுற்றிலும் கிளுவை முள் உயிர்வேலி. நெருக்கமாக வளர்ந்து ஆட்டுக்குட்டிகூட நுழைய முடியாதபடி நிற்கும். உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரங்கள். கோடையில் புல் காய்ந்து வெளுத்துக் கிடக்கும்போது, வெள்வேல நெற்றுகள் உதிரும். காங்கேயம் மாடுகள் ஒரு மரத்தடியிலிருந்து அடுத்த மரத்தடிக்குப் போய் அவற்றைப் பொறுக்கித் தின்னும். பாசனம் கிடையாது, உரம் கிடையாது. மழை எவ்வளவோ அவ்வளவு புல், புல் எவ்வளவோ அவ்வளவு மாடு. மழை பொய்த்தால் சோளத்தட்டு போடுவார், அதுவும் பற்றாவிட்டால் ஒன்றிரண்டை விற்றுவிடுவார்.

இதையும் நான் அழகுபடுத்திச் சொல்ல விரும்பவில்லை. கன்றுக்கு விட்டதுபோக அந்த மாடுகளில் ஒரு மாட்டுக்கு நாளுக்குக் கறப்பது இரண்டு மூன்று லிட்டர். 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்த பிறகும் ஆவின் பசும்பாலுக்குக் கொடுத்தது லிட்டருக்கு 38 ரூபாய். அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. கண்ணபுரம் சந்தையில் காளைக்கன்று நல்ல விலைக்குப் போனால்தான் வருமானம். பால் ஊற்றி ஜீவிப்பவர்கள் ஜெர்சிக் கலப்பு மாடுகளைக் கொட்டகையில் கட்டி, மூட்டைத் தீவனம் வாங்கிப் போடுகிறார்கள். கொரங்காடுகள் மனைகளாகவும் சூரியசக்திப் பண்ணைகளாகவும் மாறிக்கொண்டிருக்கின்றன. நிலம் தாங்கும் அளவோடு நிறுத்திக்கொள்பவருக்குச் சந்தை தனியாக எதுவும் தருவதில்லை. இங்கே நாம் 'புல் மேய்ந்த' என்பதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு அப்படிப்பட்டவருக்குத்தான் போக வேண்டும். போகிறதா என்று தெரிந்துகொள்ள அட்டைப்பெட்டியில் எதுவும் இல்லை.

சதவீதம் போட்டால் போதுமே என்றால், அதிலும் கவனம் வேண்டும். அயர்லாந்தின் உணவு வாரியமான போர்ட் பியா வைத்திருக்கும் தரத்தின்படி தீவனத்தில் 95 விழுக்காடு புல்லாக இருக்க வேண்டும். ஒன்றுமே இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் அந்த 95 பச்சை எடையில் கணக்கிடுவது. பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீர், தீவன மூட்டையில் ஈரமே குறைவு. தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்த்தால், மாட்டின் உணவில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு மூட்டைத் தீவனமாக இருந்தாலும் அந்தத் தரத்தை எட்டிவிடலாம்.

புக்கிட் தீமாவில் 1930களில் கோல்ட் ஸ்டோரேஜ் நிறுவனம் ஃப்ரீசியன் பசுக்களை வளர்த்த இடம் இன்று இயற்கைப் பூங்கா. இனி நம் பால் வெளியிலிருந்துதான் வரும், அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் வாங்குகிறவர்கள் என்ற முறையில் கேட்க நமக்கு உரிமை உண்டு. இறக்குமதி நிறுவனங்களையும் பேரங்காடிகளையும், குறிப்பாகச் சொந்தப் பெயரில் பால் விற்கும் ஃபேர்பிரைஸ் கூட்டுறவையும் கேட்டுக்கொள்கிறேன்: 'புல் மேய்ந்த' என்று போட்டால், அதே பக்கத்தில் அந்தப் பண்ணைகளில் ஹெக்டேருக்கு எத்தனை மாடுகள் நிற்கின்றன, ஈரம் நீக்கிய கணக்கில் தீவனத்தில் புல்லின் பங்கு எவ்வளவு, செம்பனைப் புண்ணாக்கு போடப்படுகிறதா என்பதையும் அச்சிடுங்கள். நான் வாங்கிய மாவுக்கே இந்த விவரங்களைக் கேட்டு எழுதினால் விற்பவர்கள் இரண்டு வாரத்துக்குள் அனுப்பிவிடுவார்கள். அந்த விவரங்கள் அவர்களிடம் இருக்கின்றன.

இப்படிக்கு,
வாசகர், தோ பாயோ