அக்கா, தோட்டத்துப் பூட்டை எடுத்துவிட்டோம்

அன்புள்ள அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை வசிப்போர் குழு அறையில் கூட்டம் போட்டு முடிவு செய்தோம். நம் அடுக்குமாடிப் புளோக்கின் சமூகத் தோட்டத்துக் கதவில் இனிமேல் பூட்டு இருக்காது. வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிவதற்கு முன்னால் நானே சொல்லிவிட நினைத்தேன். போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. நான் இங்கே எழுதுவதைப் படிக்கிறீர்கள் என்று உங்கள் மகள் சொன்னாள், அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் புளோக் ஆட்களும் இதைப் படிப்பார்கள். ஆகவே கூட்டத்தில் யார் கை தூக்கினார்கள், யார் பாதியில் எழுந்து போனார்கள் என்பதை எழுதப் போவதில்லை. நீங்கள் வீட்டை விற்றுவிட்டுப் பொங்கோல் வட்டாரத்துக்குப் போன காரணத்தையும் எழுதமாட்டேன். மகளுக்குப் பக்கத்தில் இருக்கப் போயிருக்கிறார் என்றுதான் கேட்பவர்களிடம் சொல்கிறேன். அது பொய்யும் இல்லை.

உங்களைக் கேட்காமல் செய்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள். நீங்கள் வேண்டாம் என்று சொன்ன பிறகு அதைச் செய்ய எனக்கு மனம் வந்திருக்காது. அதனால்தான் கேட்கவில்லை.

நீங்கள் பூட்டுப் போட்டதைத் தப்பு என்று நான் எங்கும் சொன்னதில்லை. பிஞ்சாக இருக்கும்போதே கத்தரிக்காயைப் பறித்துக்கொண்டு போனார்கள். பாதி பழுத்த பப்பாளி காணாமல் போனது. கறிவேப்பிலையை இணுக்காகக் கிள்ளாமல் கிளையோடு முறித்துப் போட்டிருந்தார்கள். வெயிலில் குனிந்து வேலை செய்தவர் நீங்கள், உங்களுக்குக் கோபம் வராமல் யாருக்கு வரும்? சிங்கப்பூரில் தோட்டம் வைத்திருக்கும் எந்த அண்டை வீட்டாரைக் கேட்டாலும் இதே கதையைச் சொல்வார்கள். தேசியப் பூங்காக் கழகம் 2005-இல் ‘கம்யூனிட்டி இன் புளூம்’ திட்டத்தைத் தொடங்கிய பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்கள் வந்துவிட்டன. அவற்றில் எத்தனையோ வேலியும் பூட்டுமாகத்தான் நிற்கின்றன.

அந்த முருங்கை விஷயத்தை மட்டும் எழுதியாக வேண்டும், அக்கா. நடந்ததில் பாதிதான் உங்களுக்குத் தெரியும்.

காலை ஆறரைக்கு இங்கே இருட்டுத்தானே. முருங்கை தினமும் மொட்டையாகிறது என்று நீங்கள் டார்ச்சோடு போய் நின்றீர்கள். நான் தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தேன். நீங்கள் போட்ட சத்தத்தில் இரண்டாம் மாடியிலும் நான்காம் மாடியிலும் விளக்கு எரிந்தது. கையில் பிளாஸ்டிக் பையோடு நின்றது மூன்றாம் மாடிச் சீனப் பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் பிலிப்பினோ பெண். உன் முதலாளியம்மாவிடம் சொல்லிவிடுவேன் என்றீர்கள். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்கள் விடுவிடுவென்று லிஃப்டுக்குப் போய்விட்டீர்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான்தான் பார்த்தேன். அவள் உடனே ஓடவில்லை. பையிலிருந்த இலையையெல்லாம் எடுத்து முருங்கையின் அடியில் வைத்தாள். கீழே சிந்தியதையும் பொறுக்கி அதோடு சேர்த்தாள். ஒரு இணுக்குகூட எடுத்துக்கொள்ளவில்லை. எதற்கு இது என்று கேட்டேன். பாட்டி சரியாகச் சாப்பிடுவதே இல்லையாம். அவள் ஊரில் அம்மா வைப்பதுபோல் இஞ்சி தட்டிப் போட்டு, கோழியும் முருங்கைக்கீரையும் சேர்த்து சூப் வைத்தாளாம். அதை மட்டும் பாட்டி முழுதாகக் குடித்தாராம். அதனால்தான் தினமும் வந்திருக்கிறாள். பகலில் கேட்டு வாங்கலாமே என்றேன். யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை என்றாள்.

சாயங்காலம் உங்கள் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். நீங்கள் பதில் சொல்லவில்லை. அண்ணனுக்குத் தோசை ஊற்றிக்கொண்டே இருந்தீர்கள். மறுநாள் காலையில் மூன்றாம் மாடிக் கதவுக் கம்பியில் ஒரு கட்டு முருங்கைக்கீரை தொங்கியது. யார் கட்டியது என்று நான் கேட்கவில்லை. ஆனால் அது உங்கள் சிவப்பு ரப்பர் பேண்டு, அக்கா. கீரைக் கட்டுகளுக்கென்று நீங்கள் டப்பாவில் சேர்த்து வைப்பது.

அதே வாரம் பூட்டும் வந்தது. இரண்டையும் செய்தது ஒரே கை என்பதை இன்றுவரைக்கும் என்னால் சேர்த்துப் பார்க்க முடியவில்லை. கீரை கொடுக்க மனம் இருந்ததே, அவளே உள்ளே வந்து பறித்துக்கொள்ள விடுவதற்கு மட்டும் ஏன் இல்லை? இதை உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டும். அண்ணன் படுக்கையில் விழுந்த சமயம் அது, கேட்கிற நேரமாக இல்லை. பிறகு நீங்கள் போய்விட்டீர்கள்.

எப்படிப் போனீர்கள்! சாவியை ஓர் உறையில் போட்டு என் தபால் பெட்டியில் வைத்துவிட்டு. ஒரு வரி எழுதவில்லை. கொசு சோதனைக்கு அதிகாரிகள் வந்தபோது ஒவ்வொரு தொட்டித் தட்டையும் நான் ஒருத்தியாகத்தான் கவிழ்த்துக் காட்டினேன். டிசம்பர் மழையில் பயத்தங்காய்ப் பந்தல் சாய்ந்தது. எந்த மரத்தை எவ்வளவு உயரத்துக்கு விடலாம் என்று நகர மன்றத்தோடு பேசுவதெல்லாம் உங்கள் வேலையாக இருந்தது, எனக்கு ஒன்றும் தெரியாது. அப்போதெல்லாம் உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் நன்றாக இருக்காது.

சரி, அந்தப் பாட்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

நீங்கள் போன பிறகு அந்தப் பெண் பாட்டியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தினமும் கீழே கூட்டி வந்தாள். இருவரும் வேலிக்கு வெளியேதான் நிற்பார்கள். ஒருநாள் பாட்டி வேலியைக் கையால் தட்டித் தட்டி என்னைக் கூப்பிட்டார். அவர் பேசுவது ஹொக்கியன். கூடவே இருந்து பழகியதில் பிடிபட்டதை அந்தப் பெண் ஆங்கிலத்தில் சொன்னாள். சாய் சிம் கீரை நாற்றுகளை இவ்வளவு நெருக்கமாக விட்டால் தேறாதாம், களைந்துவிட வேண்டுமாம். லிம் சூ காங் பகுதியில் காய்கறித் தோட்டம் வைத்திருந்தவராம் அவர். நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு அடுக்குமாடிக்கு வந்தவர். அதற்கப்புறம் மண்ணில் கை வைக்கவே இல்லையாம். நாம் மண்வெட்டியைப் பிடிக்கப் பழகியபோது, மூன்றாம் மாடியில் ஒரு விவசாயி சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறார், அக்கா.

இப்போது அவருக்காக ஒரு பாத்தியை நாற்காலி உயரத்துக்கு எழுப்பியிருக்கிறோம். ஹோர்ட்பார்க் பூங்காவில் 2016-இல் திறந்த சிகிச்சைத் தோட்டத்தில் அப்படி உயர்த்திக் கட்டியிருப்பதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் செய்தோம். பாட்டிக்குச் சில நாள் மகனின் பெயரே ஞாபகம் வருவதில்லை. விதையை எவ்வளவு ஆழத்தில் போட வேண்டும் என்பது மட்டும் விரலுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொரு யோசனையும் கூட்டத்தில் வந்தது. தோட்டத்தை ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக்கொள்ளலாம் என்றார்கள். பூங்காக்களில் தேசியப் பூங்காக் கழகம் இரண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர் பாத்திகளை மூன்று வருடத்துக்கு வாடகைக்கு விடுகிறதே, அதைப் போல. திட்டம் தொடங்கியபோது வருடத்துக்கு 57 வெள்ளி. நல்ல திட்டம்தான், வீட்டில் இடமில்லாதவர்களுக்கு அது வரம். ஆனால் நம் புளோக்குக்கு அது வேண்டாம் என்று நான் எழுந்து பேசினேன். என் பாத்தியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பாட்டி வேலியைத் தட்டியபோது நான் திரும்பியிருக்கமாட்டேன். ஒரே புளோக்கில் எல்லா இனத்தாரும் கலந்து இருக்க வேண்டும் என்று 1989-இல் கொள்கை வந்தது. இருக்கிறோம். லிஃப்டில் தலையசைத்துக்கொள்கிறோம். ஆறாம் மாடி மக்சிக்கோடு, அந்த மலாய் அம்மாவோடு, நான் முதன்முதலாகப் பத்து நிமிடம் நின்று பேசியது, அவர் பலகாரத்துக்குச் சங்குப்பூ பறிக்க வந்த அன்றைக்குத்தான். அதுவும் நீங்கள் வைத்த கொடி. உங்களுக்கும் அதெல்லாம் தெரியும், நீங்கள்தானே அதைத் தொடங்கினீர்கள். 2020-இல் இலவச விதைப் பொட்டலங்கள் வந்தபோது, வீட்டு வாசலில் முளைக்க வைத்து வாட விட்டவர்களின் தொட்டிகளையெல்லாம் வாங்கிவந்து தோட்டத்தில் பிழைக்க வைத்தது யார்? வீட்டுக்குள் அடைந்து கிடந்த நாட்களுக்குப் பிறகு அந்தத் தொட்டிகளைப் பார்க்கவே எத்தனை பேர் கீழே இறங்கி வந்தார்கள்! அந்த அக்காதான் பூட்டும் போட்டார் என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

பூட்டை எடுத்த மறுநாளே பப்பாளி ஒன்று போய்விட்டது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வேறு யாராவது உங்களிடம் சொல்லி, ‘பார்த்தாயா’ என்று நினைப்பீர்கள். போகட்டும், அக்கா. அந்த நிலம் உங்களுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. நாம் போட்டது உழைப்பு மட்டும்தான். கதவுக்குப் பக்கத்தில் ஒரு கத்தரிக்கோலைக் கயிற்றில் கட்டி விட்டிருக்கிறோம். இணுக்காக வெட்டுங்கள், கிளையை முறிக்காதீர்கள் என்று நான்கு மொழியிலும் எழுதி மாட்டியிருக்கிறோம். ஞாயிறு காலையில் பறித்தது போக மிச்சத்தை லிஃப்டுக்கு எதிரில் மேசை போட்டு வைக்கிறோம். தோட்டத்துக்கே வராதவர்கள்கூட அங்கே நின்று, இதை எப்படிச் சமைப்பது என்று ஒருவரை ஒருவர் கேட்கிறார்கள். முருங்கைக்கீரைக்குப் பதில் சொல்வது அந்தப் பிலிப்பினோ பெண்தான். ஞாயிறு அவளுக்கு விடுமுறை, ஆனாலும் வெளியே கிளம்புமுன் மேசைப் பக்கம் கொஞ்ச நேரம் நிற்கிறாள்.

அவள் உங்களைப் பற்றிக் கேட்டாள். அந்தக் கட்டுக் கீரை யார் வைத்தது என்று அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. நான் சொல்லவில்லை.

உங்கள் கறிவேப்பிலையின் அடியில் வேர்க்கன்று வந்திருக்கிறது. ஒன்றைப் பெயர்த்துத் தொட்டியில் வைத்திருக்கிறேன், பிடித்துக்கொண்டது. பொங்கோலில் உங்கள் புளோக்குக் கீழே தோட்டம் இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தால் கொண்டுவந்து தருகிறேன். இல்லையென்றால் தோட்டம் கேட்டு அங்கே இருக்கும் வசிப்போர் குழுவுக்கு எழுதுங்கள், எப்படிக் கேட்க வேண்டும் என்று உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? எதுவானாலும் இந்த வாரம் ஒரு தடவை போனை எடுங்கள். பந்தலுக்கு எந்தக் கம்பு வாங்குவது என்று கேட்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி